2-0 முன்னிலையைக் காக்கத் தெரியாத அணிக்கு இன்னொரு சீசனும் அதே பயிற்சியாளரா?

சின்னத்துறை நீலம்:

இது 2025 மார்ச். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துத் தொடரின் 2024-25 லீக் ஆட்டங்கள் முடிந்துவிட்டன. 13 அணிகளில் நம் சென்னையின் எஃப்.சி.க்கு 11-வது இடம். 24 ஆட்டத்தில் 27 புள்ளி. நமக்குக் கீழே ஹைதராபாத்தும், இந்த சீசனில்தான் அடுத்த நிலை லீகான ஐ-லீகிலிருந்து மேலே வந்த முகமதன் ஸ்போர்ட்டிங்கும் மட்டுமே இருக்கின்றன. தலைமைப் பயிற்சியாளர் ஓவன் கொய்லை இன்னொரு சீசனுக்கு வைத்துக்கொள்ள யாரிடமாவது நல்ல காரணம் இருந்தால் சொல்லுங்கள். எனக்கு ஒன்றும் தென்படவில்லை. வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், ஆனால் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

தோல்விக்காகக் கோபப்படுகிறவன் இல்லை நான். நீரோடியிலிருந்து தூத்தூர், சின்னத்துறை, இரயுமன்துறை வரைக்கும் கன்னியாகுமரி மாவட்டத்து எங்கள் கரையில் ஊருக்கு ஊர் கால்பந்து அணி உண்டு. கோயில் திருவிழா வந்தால் மின்னொளி கால்பந்துப் போட்டி நடக்கும். பையன்கள் உயிரைக் கொடுத்து ஓடியிருந்தால், தோற்ற அணியையும் தோளில் தட்டித்தான் அனுப்புவார்கள். கைக்குள் வந்த ஆட்டத்தைக் கோட்டை விட்டால் கதை வேறு. அந்த அணியின் கோச் அன்று இரவு பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. நானும் அந்தப் பதிலைத்தான் கேட்கிறேன்.

ஜனவரியில் நடந்த இரண்டு ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 9-ஆம் தேதி சென்னையில் ஒடிஷாவுடன். இடைவேளை முடிந்த கையோடு வில்மர் ஜோர்டன் கில் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டார். 2-0. ஆட்டம் முடிந்தபோது 2-2. சரி, ஒரு நாள் அப்படி நடக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். 15-ஆம் தேதி கொல்கத்தாவில் முகமதனுடன் அடுத்த ஆட்டம். ரையன் எட்வர்ட்ஸ் ஒன்று, லூகாஸ் பிரம்பில்லா ஒன்று, மறுபடியும் 2-0. 90 நிமிடம் முடிந்தபோதும் 2-0தான். அதற்குமேல் சேர்க்கிற இஞ்சுரி டைமில் இரண்டு கோல் வாங்கி 2-2.

அந்த ஆட்டம் நடக்கும்போது நான் படகில் இருந்தேன். எங்கள் படகு கொச்சி தோப்பும்படியில் மீன் இறக்குகிற படகு. ஆழ்கடலில் போன் எடுக்காது, கரை நெருங்கினால்தான் சிக்னல் வரும். அன்றைக்குத் துறைமுக வாயான அழிமுகத்துக்கு வெளியே வந்தபோது போன் விழித்துக்கொண்டு 2-0 என்று காட்டியது. படகில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் கரைக்காரர்கள். ஐஸ் அறையின் மூடிமேல் சாய்ந்து கிடந்த பெரியவர்கூட எழுந்து வந்து போனை வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார். படகு அணைந்து, நான் வடத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் படகுப் பையன் ஒருவன் அருகில் வந்து ஒன்றும் பேசாமல் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். 2-2 என்று இருந்தது. மீன் இறக்கி முடிக்கிற வரைக்கும் எங்களில் யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

முகமதன் இந்த சீசன் முழுக்க எடுத்தது 13 புள்ளி. பட்டியலில் கடைசி. அந்த 13-இல் 4 புள்ளி நாம் கொடுத்தது. செப்டம்பரில் சென்னைக்கு வந்து நம்மை 1-0 என்று வென்றதுதான் ஐ.எஸ்.எல்.லில் அவர்களுடைய முதல் வெற்றி. ஒரு புதிய அணிக்கு முதல் வெற்றியையும் கொடுத்து, ஜனவரியில் செத்துக் கிடந்த ஆட்டத்தில் ஒரு புள்ளியையும் கொடுத்தோம்.

நவம்பர் 24-ஆம் தேதி கேரளா பிளாஸ்டர்ஸுடனான ஆட்டத்துக்குக் கொச்சி கலூர் மைதானத்துக்கு நேரிலேயே போனேன். அவர்கள் ரசிகர்களின் மஞ்சள் கடலுக்கு நடுவே நம் நீலச் சட்டையோடு நின்றேன். இடைவேளை வரைக்கும் 0-0. பிறகு ஹிமெனெஸ், நோவா, கடைசியில் ராகுல் கே.பி. என்று மூன்று கோல். முதல் கோல் விழுந்த பிறகு நம் அணி என்ன செய்யப் பார்க்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. இதே கலூரில் 2020 பிப்ரவரியில் இதே கொய்லின் அணி கேரளாவை 6-3 என்று அடித்தது. அந்த மனிதருக்கு ஆட்டம் தெரியாது என்று நான் எப்படிச் சொல்வேன்? தெரிந்தவர் என்பதால்தான் இவ்வளவு கோபம்.

இன்னொன்றும் இருக்கிறது. நான் இந்த அணியின் ஆளானதே ஒரு கடைசி நிமிடத்தால்தான். 2015-இல் கடைசி இடத்தில் கிடந்த அணி, தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. சென்னையில் வெள்ளம். சொந்த ஊர் அரையிறுதியைப் புனேயில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். 90-ஆவது நிமிடம் நெருங்கும்போது 1-2 என்று பின்தங்கியிருந்தோம். கோவா கோல்கீப்பர் கையாலேயே ஒரு கோல், அதற்குப் பின்னால் மென்டோசா ஒரு கோல். 3-2, கோப்பை. எதிரணி மூச்சு வாங்குகிற கடைசி நிமிடங்களில் பாய்கிற அணியாக அன்றைய பயிற்சியாளர் மடெராஸி அதை வைத்திருந்தார். இப்போது 75-ஆவது நிமிடத்துக்கு மேல் பந்து நம் பாதிக்குள் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஜாம்ஷெட்பூரை அவர்கள் ஊரில் 5-1, சென்னையில் 5-2. அடுத்த சுற்றுக்குப் போகிற ஓர் அணிமீது பத்து கோல் போடத் தெரிந்தவர்கள் இவர்கள். கானர் ஷீல்ட்ஸ் போல வாய்ப்பை ஓயாமல் உருவாக்குகிற ஒருவர் இருக்கிறார். கோல் போட ஆள் இருக்கிறது. முன்னிலை வந்த பிறகு ஆட்டத்தை எப்படி மூடுவது என்பது மட்டும் இல்லை. அது பயிற்சியாளர் சொல்லிக்கொடுக்க வேண்டியது. செப்டம்பரில் தெரிந்த ஓட்டை ஜனவரியிலும் அப்படியே இருந்தால் அவரைத்தானே கேட்க முடியும்?

குளச்சல் கோலி:

மாற்ற வேண்டும். வேறு பேச்சே வேண்டாம். ஜனவரி 30-ஆம் தேதி கேரளாவுடன் சென்னையில் ஆடியபோது மூன்றாவது நிமிடத்தில் கோல் வாங்கினார்கள், இடைவேளைக்கு முன்பே வில்மர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார், ஆட்டம் 1-3. குழித்துறையில் அனந்தபுரி ஏறி, ராத்திரி முழுக்க உட்கார்ந்துகொண்டே போய்ப் பார்த்த ஆட்டம் அது. முன்னிலை வந்தாலும் பதறுகிறார்கள், பின்தங்கினாலும் பதறுகிறார்கள். நிதானத்தைக் கற்றுக்கொடுக்காத பயிற்சியாளர் எதற்கு?

மார்த்தாண்டம் மஞ்சள்:

அண்ணன், நான் அந்த மஞ்சள் கடலில் இருந்தவன். என் வார்த்தையை எதிரியின் வார்த்தையாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நமக்கு மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் எட்டிப்பிடிக்கிற தூரம், வீட்டில் மலையாளச் செய்திதான் ஓடும், அதனால் நான் பிளாஸ்டர்ஸ் பக்கம் போய்விட்டேன். ஆனால் இந்த வேதனையில் நாம் ஒரே படகுதான்.

நீங்கள் கேட்பதை நாங்கள் டிசம்பரில் செய்து பார்த்துவிட்டோம். 12 ஆட்டத்தில் 11 புள்ளி எடுத்த நிலையில் பயிற்சியாளர் மிகேல் ஸ்டாரேயை அனுப்பினார்கள். உதவிப் பயிற்சியாளர் புருஷோத்தமன் பொறுப்பேற்றார். மீதி 12 ஆட்டத்தில் 18 புள்ளி. நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. கடைசியில் எங்கே நின்றோம்? 29 புள்ளி, 8-வது இடம். முதல் ஆறு அணிகளுக்குத்தான் அடுத்த சுற்று. உங்களைவிட இரண்டு புள்ளி அதிகம், அவ்வளவே. அதே வீரர்கள், அதே தடுப்பாட்டம், அதே நிர்வாகம்.

எங்கள் ரசிகர் கூட்டமான மஞ்சப்படை பயிற்சியாளரைத் திட்டுவதோடு நிற்கவில்லை. நிர்வாகத்தைக் கேட்டது, டிக்கெட் விஷயத்திலேயே எதிர்ப்பைக் காட்டியது. பயிற்சியாளரை மாற்றினால் நிர்வாகத்துக்கு இரண்டு மாத அவகாசம் கிடைக்கிறது. ரசிகன் அடங்கிவிடுவான், புதியவர் வந்திருக்கிறார், பொறுத்துப் பார்ப்போம் என்பான். நீங்கள் கொய்லை மட்டும் கேட்டு, உரிமையாளர்களை விட்டுவிட்டால், அடுத்த ஆண்டு இதே நேரத்தில் வேறொரு பெயரைப் போட்டு இதே கேள்வியை எழுத வேண்டியிருக்கும்.

பழைய ஸ்டாப்பர், கொல்லங்கோடு:

மக்களே நீலம், உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குப் பல காலம் பந்து சொல்லிக்கொடுத்தவன். அந்த முகமதன் ஆட்டத்தின் கடைசிப் பகுதியை நான் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். என் கணக்கைச் சொல்கிறேன், ஏற்பதும் மறுப்பதும் உன் பாடு.

2-0 என்பதுதான் பந்து விளையாட்டில் பொல்லாத முன்னிலை. 1-0 என்றால் எல்லாரும் பயத்தோடு ஆடுவார்கள், கவனம் இருக்கும். 3-0 என்றால் எதிரணி சோர்ந்துவிடும். 2-0இல் நம் பையன்கள் பாதி ஜெயித்துவிட்ட நினைப்பில் பின்னால் இறங்குவார்கள். முதலில் ஓரங்களில் ஆடுகிற இரண்டு விங் பேக் இறங்குவார்கள், அவர்கள் இறங்கினால் விங்கர்களும் இறங்க வேண்டும். முன்னால் ஒருவர் தனியாக நிற்பார். நாம் அடித்து வெளியே தள்ளுகிற பந்தைப் பிடித்து வைக்க அங்கே ஆள் இருக்காது. அது போன வேகத்தில் திரும்பி வரும். ஓரத்திலிருந்து வருகிற ஒரு கிராஸைப் பின்வரிசை நடுவில் நிற்கிற ஸ்டாப்பர் தலையால் முட்டுவான், இரண்டாவதை முட்டுவான், பத்தாவதில் கால் தவறும். அந்த இடத்தில் ஸ்டாப்பரைக் குறை சொல்வது பாவம். நான் அந்த இடத்தில் நின்றவன். தவறு அவனுக்கு 30 கஜம் முன்னால் நடந்திருக்கும்.

முன்பெல்லாம் இஞ்சுரி டைம் என்றால் இரண்டு, மூன்று நிமிடம். 2022 கத்தார் உலகக் கோப்பையிலிருந்து நடுவர்கள் வீணான நேரத்தை எல்லாம் எண்ணிச் சேர்க்கிறார்கள். எட்டு, பத்து நிமிடம் வருவது சாதாரணம். 90 நிமிடத்துக்குத் தயாரான அணி 100-ஆவது நிமிடத்தில் நிற்க முடியாது. மாற்று வீரர்கள் ஐந்து பேரை இறக்கலாம். ஆனால் இடைவேளையைத் தவிர்த்தால் அதற்கு ஆட்டத்தில் மூன்று தடவைதான் வாய்ப்பு. 60, 70-ஆவது நிமிடத்திலேயே இரண்டு வாய்ப்பைச் செலவழித்துவிட்டால், 92-ஆவது நிமிடத்தில் ஒருவனுக்குத் தசை பிடித்தால் என்ன செய்வது? இந்தக் கணக்குப் போடுவது பயிற்சியாளரின் வேலை. இதுவரைக்கும் நீ சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

இதற்கு மேல் நீ சொல்லாத ஒன்று இருக்கிறது. புள்ளிப் பட்டியலை மூன்று ஆண்டு பின்னோக்கிப் பார். 2022-23இல் தாமஸ் பிர்தாரிச் பயிற்சியாளர், 27 புள்ளி, 8-வது இடம். 2023-24இல் கொய்ல் திரும்பி வந்தார், 27 புள்ளி, 6-வது இடம், முதல் ஆறு அணிகளுக்கான பிளே ஆஃப் சுற்று கிடைத்தது. இந்த ஆண்டும் 27. வேறு வேறு பயிற்சியாளர், வேறு வேறு வீரர்கள், அதே 27. ஒரு வீட்டில் யார் குடிவந்தாலும் அதே மூலையில் ஒழுகினால் கூரையைத்தான் பார்க்க வேண்டும்.

2020-21இல் சாபா லாஸ்லோ வந்தார். 20 ஆட்டத்தில் 11 சமன், மூன்றே வெற்றி. ஒரு சீசனோடு போனார். அடுத்து பண்டோவிச். கோவாவிடம் 0-5 தோற்றதோடு 2022 பிப்ரவரியில் போனார். அடுத்து பிர்தாரிச். ஒரே சீசன். ஆண்டுக்கு ஒருவரை மாற்றியும் என்ன கண்டோம்? அந்த ஐந்து ஆண்டில் பிளே ஆஃபுக்குக் கொண்டுபோனவர் கொய்ல் ஒருவர்தான். இந்த 2024-25 சீசன் வரைக்கும் ஐ.எஸ்.எல்.லிலிருந்து கீழே இறக்குகிற முறை இருந்ததில்லை. 11-வது வந்தாலும் அடுத்த ஆண்டு அதே லீகில் ஆடலாம். இங்கிலாந்தில் இப்படிக் கீழே நின்றால் முதலாளிக்குத் தூக்கம் வராது, ஜனவரியிலேயே கடனை வாங்கியாவது ஆள் எடுப்பான். இங்கே அந்தப் பயம் இல்லாததால்தான் உன் ஓட்டை செப்டம்பர் முதல் ஜனவரி வரை அப்படியே இருந்தது.

இதே கொய்ல் 2019 டிசம்பரில் வந்தபோது அணி எந்த நிலையில் கிடந்தது என்று உனக்கே தெரியும். 2018இல் கோப்பை வென்ற ஜான் கிரகரியை, அதற்கு அடுத்த சீசனில் வெறும் 9 புள்ளியோடு கடைசி இடத்தில் வந்த பிறகும் வைத்திருந்தார்கள். அது மறுபடியும் சரிந்தபோதுதான் கொய்ல் வந்தார். அந்த அணியை எடுத்து இறுதி ஆட்டம் வரைக்கும் போனார். அன்றைக்கு 15 கோல் போட்ட வால்ஸ்கிஸ் இருந்தார், நடுவில் பந்தைப் பிடித்து வைக்க கிரிவெல்லாரோ இருந்தார். பந்தைப் பிடித்து வைக்க ஆள் இருந்தால் 2-0 என்பது 2-0 ஆகவே முடியும்.

சின்னத்துறை நீலம்:

கொல்லங்கோடு அண்ணன், 30 கஜம் முன்னால் நடக்கிற தவறு என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு ஒடிஷா ஆட்டத்தை மறுபடியும் பார்த்தேன். ஆமாம், பந்து வெளியே போன வேகத்தில் திரும்பி வருகிறது. இதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் உங்கள் 27 கணக்கை நான் விடமாட்டேன். பிர்தாரிச் 27 எடுத்தது 20 ஆட்டத்தில். கொய்ல் போன ஆண்டு 27 எடுத்தது 22 ஆட்டத்தில். இந்த ஆண்டு 24 ஆட்டத்தில். புள்ளி நிற்கிறது, ஆட்டம் கூடிக்கொண்டே போகிறது. அப்படியென்றால் ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறோம். 20 ஆட்டத்தில் 27 எடுத்தவரைப் போதாது என்று அனுப்பினார்கள். அதே தராசில் இவரையும் நிறுத்த வேண்டாமா?

போன ஆண்டு 6-வது இடம் கிடைத்ததும் மற்ற அணிகள் அதைவிட மோசமாக ஆடியதால்தான். ஐந்தாவதாக வந்த கேரளா 33 புள்ளி. நமக்கும் அவர்களுக்கும் நடுவே ஆறு புள்ளி இடைவெளி. பிளே ஆஃபில் கோவாவிடம் தோற்று வந்தோம். அன்றைக்கே நிர்வாகமும் பயிற்சியாளரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். 6-வது இடம் கிடைத்த திருப்தியில் விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மார்த்தாண்டம் தம்பிக்கு: நீ எதிரி இல்லை. கலூரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மஞ்சள் சட்டைக்காரர் ஆட்டம் முடிந்ததும் எனக்கு ஒரு கட்டன் சாயா வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். 12 ஆட்டத்தில் 11 என்பது அடுத்த 12இல் 18 ஆனது என்று நீயே எழுதியிருக்கிறாய். முதல் பாதியிலும் அந்த 18 கிடைத்திருந்தால் 36 புள்ளி. மும்பை 36 எடுத்துத்தான் 6-வது இடம் பிடித்தது. உன் கணக்கு எனக்குத்தான் சாட்சி சொல்கிறது. டிசம்பரில் மாற்றியது தாமதம் என்று சொல், மாற்றியதே வீண் என்று சொல்லாதே.

இரவிபுத்தன்துறை விங்:

நான் கல்லூரி அணியில் விங்கில் ஆடிய பெண். இப்போது பெண் பிள்ளைகளுக்கு மாலையில் பயிற்சி கொடுக்கிறேன். நான்கு பேரும் நன்றாகப் பேசினீர்கள், ஆனால் எனக்கு உறுத்துகிற விஷயத்தை யாரும் தொடவில்லை.

எங்கள் ஊர் மைக்கேல் சூசைராஜை எடுத்துக்கொள்ளுங்கள். இதே மணலில் ஓடிப் பழகியவர். சென்னை சிட்டி என்கிற வேறோர் அணியில் ஐ-லீக் ஆடி, 2018இல் ஜாம்ஷெட்பூர் போனார், அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் ஏ.டி.கே. 2020 மார்ச் 14-ஆம் தேதி கொரோனாவால் ஆளில்லாத கோவா ஃபதோர்தா மைதானத்தில் கொய்லின் சென்னையை 3-1 என்று தோற்கடித்துக் கோப்பை வாங்கியது அந்த ஏ.டி.கே.தான். அன்றைக்கு எங்கள் தெருவில் பாதிப் பேர் சென்னை தோற்றதற்கு அழுதார்கள், மீதிப் பேர் ஊர்ப் பையனுக்குக் கோப்பை கிடைத்ததற்குப் பட்டாசு வெடித்தார்கள். என் வீட்டிலேயே இரண்டும் நடந்தது.

2018-19இல் சென்னை சிட்டி ஐ-லீக் கோப்பையை வென்றபோது கோயம்புத்தூர் மைதானத்தில் தமிழ்ப் பையன்கள் எத்தனை பேர் நின்றார்கள்! ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். அந்த அணியின் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். வெளிநாட்டுப் பயிற்சியாளர் என்பது குறையே இல்லை. உள்ளூர்ப் பையனை நம்பி இறக்குகிறாரா என்பதுதான் கேள்வி. 85-ஆவது நிமிடத்தில் 2-0 முன்னிலையில், கால் வலித்தாலும் ஓடுகிற பையன் வேண்டும். பந்துக்குப் பின்னால் ஓடுவதற்கு மணலில் பழகிய கால்களைப் போல வேறு கால்கள் கிடையாது, இதைப் பயிற்சி கொடுக்கிற அனுபவத்தில் சொல்கிறேன். தமிழ்நாட்டின் பெயரைச் சுமக்கிற அணியின் ஆட்கள் வீரர் தேட இந்தக் கரைக்கு வர வேண்டும். திருவிழாப் போட்டிகளில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும், அவர்கள் தேடுவது கண்ணில் படும்.

கொய்ல் இருக்கட்டும், போகட்டும். வருகிறவரிடம் இதை எழுதி வாங்கிக்கொண்டு சேர்க்க வேண்டும்.

பழைய ஸ்டாப்பர், கொல்லங்கோடு:

மகளே, நீ சொன்னதில் ஒரு வார்த்தையும் தள்ள முடியாது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மணலில் ஆடுகிறவனுக்குக் கால் வலு வரும், ஆனால் புல்தரையில் பந்து வருகிற வேகம் வேறு. 16 வயதுக்குள் அவனைப் புல்தரைக்குக் கொண்டுபோக வேண்டும். 22 வயதில் கூப்பிட்டுப் பயன் இல்லை. ஆகவே வீரர் தேடுகிறவர் போட்டியைப் பார்த்தால் போதாது, இங்கே ஒரு நல்ல புல்தரையும் வேண்டும். அதைக் கொய்லிடம் கேட்க முடியாது. தோனியும் அபிஷேக் பச்சனும் பங்குதாரர்களாக இருக்கிற கிளப், அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மக்களே நீலம், 20, 22, 24 என்று நீ போட்ட கணக்கு என் வாயை அடைத்துவிட்டது. அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. இருந்தாலும், இன்னொருவர் வந்தால் யார் வருவார் என்று தெரியாமல் இருப்பவரை அனுப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஜாம்ஷெட்பூருக்கு 2021-22இல் லீக் பட்டியலில் முதலிடத்துக்கான ஷீல்டு வாங்கிக் கொடுத்த மனிதர் அவர்.

சின்னத்துறை நீலம்:

அந்த ஷீல்டை நான் மறக்கவில்லை அண்ணன். இரவிபுத்தன்துறை அக்காவுக்கு நன்றி. அந்த 2020 இறுதி ஆட்டத்தன்று எங்கள் வீட்டிலும் அதே நிலைதான், அம்மா சூசைராஜுக்காக ஜெபமாலை சொன்னார், நான் வால்ஸ்கிஸுக்காகத் தொலைக்காட்சி முன்னால் மண்டியிட்டேன்.

ஏப்ரலில் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை. தோற்றால் வெளியே என்கிற போட்டி. அப்போது நான் கடலில் இருந்தாலும் ஆட்டத்தைப் பதிவில் பார்த்துவிடுவேன். நான் பார்க்கப்போவது இரண்டு விஷயம். முன்னிலை வந்த பிறகு முன்னால் பந்தைப் பிடித்து வைக்க ஓர் ஆளை விட்டுவைக்கிறாரா, மூன்று வாய்ப்பில் ஒன்றை 85-ஆவது நிமிடத்துக்கு மேல் மிச்சம் வைக்கிறாரா. இது இரண்டும் மாறியிருந்தால், ஜனவரியிலிருந்து யோசித்திருக்கிறார் என்று ஒப்புக்கொள்வேன்.

அதன் பிறகும் அவர்தான் என்று நிர்வாகம் முடிவு செய்தால், தடுப்பாட்டத்துக்கென்று தனியாக ஓர் உதவிப் பயிற்சியாளரும், பின்வரிசைக்கு முன்னால் நிற்கிற ஒரு வெளிநாட்டு நடுக்கள வீரரும் வந்தாக வேண்டும். ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம், நாங்கள் எல்லாரும் ஊரில்தான் இருப்போம், யாரை எடுக்கிறார்கள் என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த இரண்டும் வராவிட்டால், நான் மேலே கேட்ட கேள்வியைக் கொய்லின் பெயரோடு உரிமையாளர்களின் பெயரையும் சேர்த்து மறுபடியும் கேட்பேன்.